இஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

இன்று காலை பூங்கா கேட்டில் பூட்டு இல்லை. ஆறு மணிக்கே ஊஞ்சல் கிறீச்சிட்டது. அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தவள் நான். இன்றைக்கு மட்டும் அது கிறீச்சிடட்டும் என்றிருந்தது. பூட்டிக் கிடந்த நம் பூங்கா, மனு, விசாரணை எல்லாம் தாண்டி நமக்குத் திரும்பக் கிடைத்த கதையைக் காலனியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன்.

மனை பிரித்தபோது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கென்று எழுதிக்கொடுத்த தானப்பத்திரத்தைத் தேடி நகல் வாங்கித் தந்த பெரியவர்; 1959-ஆம் ஆண்டின் பூங்காச் சட்டத்தையும், பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்ற 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எங்கள் மண்டையில் ஏறும் தமிழில் சொல்லி, ஃபீஸும் வாங்காத வக்கீல் தம்பி; தகவல் உரிமை மனுக்களை எழுதிய கல்லூரிப் பிள்ளைகள்; வீடு வீடாக ஏறி இறங்கிய குழு உறுப்பினர்கள்; சுண்டல் கொடுத்துவிட்ட வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்வதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மிச்ச இடம் வேப்பமரத்தடி இஸ்திரி அண்ணனுக்கு வேண்டும்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை மழை. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பை கைநழுவிக் கால்வாய் ஓரத்தில் விழுந்தது. உள்ளே கையெழுத்துத் தாள்கள், நாற்பத்திரண்டு. பால்பாயிண்ட் கையெழுத்துகள் தப்பின. இங்க் பேனாவால் போட்டவை நீலமாகக் கலங்கிக்கொண்டிருந்தன. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கொண்டாங்க டீச்சர்” என்றார் அவர். கடையைக் கட்டிக்கொண்டிருந்தவர், கொட்டாங்கச்சிக் கரியை மறுபடி ஊதிக் கனல வைத்தார். தாளின் மேல் பெட்டியை நேராக வைக்கவில்லை. “ஜெராக்ஸ் மை சூட்டில் பெட்டியில் ஒட்டிக்கும்” என்று தன் வேட்டி ஒன்றை மடித்து மேலே விரித்தார். ஒரு தாளுக்கு இரண்டு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொன்று. பக்க எண் மாறாமல் அடுக்கியதும் அவரே. முடியும்போது ஒன்பதரை. காசை நீட்டினேன். “துணிக்குத்தானே காசு” என்றார்.

இதில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு தாளிலும் அவர் கையெழுத்து இல்லை. காலனியில் வீடு இருப்பவர்களிடம் மட்டும்தான் கேட்டோம். தினமும் பத்து மணி நேரம் அந்த மர நிழலில் நிற்கிறவரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது மட்டுமா? இரண்டு வருடம் முன்பு ‘பூங்கா வாசல் ஆக்கிரமிப்புகள்’ என்று குழு அனுப்பிய கடிதத்தில் முதல் வரி அவர் வண்டிதான். எழுதியவள் நான். அது அவருக்குத் தெரியுமா என்று இன்னும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை நான் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பவர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து எதிர்க்கட்டும். அடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது, சம்மதித்தால்.

நேற்று புது வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பழையதைக் கொடியில் உலர்த்தியிருந்தார். நம் காலனிக்காரர்களின் கையெழுத்துகள் இடவலம் மாறி நீலநீலமாக அதில் பதிந்திருந்தன. இரண்டு முறை துவைத்தும் போகவில்லையாம்.