மஞ்சள் மூக்கு நாரை வெளிநாட்டுப் பறவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனியில் நடந்த பறவைத் திருவிழா பற்றித் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வந்த செய்தியில், "வழிகாட்டிகளுடன் நடந்து சென்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பறவைகளைக் கண்டு ரசித்தனர்" என்று ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே ஒரு படம். கருவேல மரக் கூட்டில் இரண்டு குஞ்சுகள், அவற்றுக்கு மேலே சிறகை விரித்து நிற்கும் தாய் நாரை. படத்தின் கீழே "சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளி" என்று போட்டிருக்கிறீர்கள்.

அது மஞ்சள் மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். சைபீரியாவில் அந்தப் பறவையே கிடையாது. நம் நாட்டிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கிற பறவை. தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துக் குளம் விட்டுக் குளம் போகும், அவ்வளவுதான். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகிறது. நீங்கள் போட்ட படத்தில் உள்ள குஞ்சுகள் பிறந்தது இந்த மாவட்டத்தில். அவற்றை வெளிநாட்டுக்காரர் என்று அச்சிட்டதைப் பார்த்து எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

இது ஒரு தடவை நடந்த தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டோம். தை மாதம் கூழைக்கடா "ஆஸ்திரேலியப் பறவை" ஆகிறது, மாசியில் கரண்டிவாயன் "ஐரோப்பியப் பறவை" ஆகிறது, பூநாரை எந்த ஆண்டும் தப்புவதில்லை. புள்ளியலகு கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூந்தன்குளத்திலேயே குஞ்சு பொரிக்கின்றன. பூநாரைகள் பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. இதெல்லாம் தாங்கள் அறியாத செய்தியும் அல்ல. 1994-இல் கூந்தன்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும், 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்ததையும் நாளிதழ்களில் படித்துத்தான் ஊர்மக்கள் தெரிந்துகொண்டார்கள்.

உண்மையிலேயே கடலும் மலையும் தாண்டி வருகிறவற்றைப் பற்றிச் செய்தியில் ஒரு சொல் இல்லை. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் முட்டையிட்டு, இமயத்தைக் கடந்து நம் குளத்துக்கு வருகிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். பங்குனி பிறக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை கிளம்பிவிடும். திருவிழாவில் பார்க்கக் கிடைத்திருந்தால் அதுதான் செய்தி. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பொரி உள்ளான், கருவால் மூக்கன், சேற்றுப் பூனைப்பருந்து ஆகியவையும் வடக்கே திரும்புகிற நேரம் இது. அந்தியில் நெல்லை நகரத்து மரங்களில் வந்து அடையும் சோளக்குருவிக் கூட்டமும் மத்திய ஆசியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். ஆறுமணிக்குருவி இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுச் சித்திரை வாக்கில் வடக்கே போகிறது. நடந்தவர்கள் இவற்றில் எதைப் பார்த்தார்கள், எத்தனை பார்த்தார்கள் என்று நாங்கள் தேடிப் படித்தோம். கிடைக்கவில்லை.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் தண்ணீர். விருந்தாளி என்றால் வந்தான், போனான் என்று ஆகிவிடும். இங்கே குஞ்சு வளர்க்கிற பறவைக்கு அப்படி இல்லை. மஞ்சள் மூக்கு நாரை மாசியில் முட்டையிட்டால் அடை காக்க ஒரு மாதம், குஞ்சு சிறகு முற்றிப் பறக்க அதற்குமேல் இரண்டு மாதம். அதாவது வைகாசி வரை குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பிந்திக் கட்டிய கூடுகளுக்கு ஆனி வரைக்கும். அதுவும் முழங்கால் அளவுத் தண்ணீர். இந்த நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு நடக்கும், மீன் உரசியதும் மூடும். ஆழமாக இருந்தாலும் பிடிக்க முடியாது, சேறாகிவிட்டாலும் பிடிக்க முடியாது. கூடு இருக்கிற ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தாலும் போதாது. சுற்றியுள்ள குளங்களிலும் மீன் இருந்தால்தான் குஞ்சுக்கு இரை கட்டும்.

இங்கே நடப்பது என்ன? மணிமுத்தாறுத் தண்ணீர் கடைசிக் குளங்களுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பருவம் போய்விடுகிறது. பிசான நெல் அறுப்பு முடிந்ததும், குத்தகை மீனைப் பிடிக்க மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுகிறார்கள். சமூகக் காடு வளர்ப்பில் குளத்துக்குள் நட்ட கருவேலம் முதிர்ந்தவுடன் ஏலத்துக்குப் போகிறது. சீமைக்கருவேலம் அகற்றுகிறோம் என்று இயந்திரம் இறங்கினால் கூடு தாங்கும் நாட்டுக்கருவேலமும் சேர்ந்து சாய்கிறது. குஞ்சு பறக்கும் முன்னே குளம் வற்றினால் தாய் நாரை கூட்டைக் கைவிட்டுவிடும். மரத்தடியில் விழுந்து கிடக்கும் குஞ்சுகளை எடுத்து மீன் வாங்கிப் போட்டு வளர்ப்பது ஊர்க்காரர்கள். குளத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நிறுத்துங்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டால், "வெளிநாட்டுப் பறவைக்காக நம் விவசாயி தண்ணீர் விட வேண்டுமா?" என்று பதில் வருகிறது. அந்தச் சொல் யார் அச்சிட்டு யார் வாய்க்குப் போனது என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சின் தொண்டை தெரிகிற அளவுக்கு நெருங்கி எடுத்த படம் அது. பங்குனி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்து நிற்பது குஞ்சுக்கு நிழல் கொடுக்க. அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் மேல் விடுவதும் அதற்குத்தான். ஆள் நெருங்கினால் தாய் எழும்பிவிடும். எழும்பிய சில நிமிடத்தில் காகம் முட்டையைக் குத்திவிடும், கரும்பருந்து சின்னக் குஞ்சைத் தூக்கிவிடும். இரண்டும் தப்பினாலும் வெயில் விடாது. கூடுள்ள மரத்துக்கு நூறு மீட்டருக்குள் குழுவாகப் போகக் கூடாது. நெருக்கமாகப் பார்க்கத் தொலைநோக்கி இருக்கிறது. ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், விடியும் முன் கரையில் நிற்பது, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நடப்பது, ஒன்பது மணிக்குள் திரும்புவது, செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அழைக்காமல் இருப்பது: இவை நடையின் அடிப்படை விதிகள். அடுத்த திருவிழாவுக்கு வருகிறவர்கள் தாங்கள் போடும் படத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு கிட்டப் போகலாம் என்று முடிவு செய்வார்கள்.

"நூற்றுக்கும் மேற்பட்ட" என்ற கணக்கும் எங்களுக்கு விளங்கவில்லை. நூறு வகையா, நூறு தலையா? ஒரே காலையில் ஒரே குளத்திலா, பல நாள் பல இடத்துப் பட்டியலைக் கூட்டியதா? பட்டியல் என்றால் இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், வகைக்கு எத்தனை என்பது வேண்டும். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்தோ ஐம்பதோ எண்ணி, அந்த அளவு கூட்டத்துக்குள் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

வகை பிரிப்பதிலும் புதியவர்கள் தவறுவது சில இடங்களில்தான். வழிகாட்டி அங்கே நின்று சொல்லிக் கொடுத்தால் போதும். வெள்ளைக் கொக்குகளில் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீண்டால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு, கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. தலையும் கழுத்தும் காவி ஏறியிருந்தால் உண்ணிக்கொக்கு. பங்குனியில் அந்த நிறம் ஏறத் தொடங்கும். பொரி உள்ளானையும் பச்சை உள்ளானையும் உட்கார்ந்திருக்கும்போது குழப்பிக்கொள்வார்கள். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுத்திருந்தால் பச்சை உள்ளான், வெளிறியிருந்தால் பொரி உள்ளான்.

மலைப்பக்கம் நடந்த குழு "இருவாச்சியைப் பின்தொடர்ந்து சென்று படம் பிடித்தது" என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதங்களில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் கொண்டுவரும் அத்திப்பழத்தை நம்பித்தான் உள்ளே இரண்டு உயிரும் இருக்கும். ஆணைப் பின்தொடர்ந்தால் அது பொந்துக்கு வராது. இது பாராட்டி எழுத வேண்டிய காரியம் இல்லை. அந்த மலையில் கேட்டு எழுத வேறு எவ்வளவோ இருக்கின்றன: செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, சோலைக்கிளி என்ற சிறு பறவையின் (கிளி அல்ல) வகை ஒன்றுக்கு 2017-இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது.

திருப்புடைமருதூர் மக்கள் தாங்களாகவே கேட்டு, 2005-இல் கோயிலை ஒட்டிய மரங்களும் ஆற்றங்கரையும் பறவைகளுக்கான காப்பகம் ஆயின. 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்று நாட்டிலேயே முதலில் அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல நினைத்துத்தான் இந்த ஊர்கள் இதைச் செய்கின்றன. அந்த உறவை ஒரு படக்குறிப்பு அறுத்துவிடக் கூடாது.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். "படத்தில் இருப்பது மஞ்சள் மூக்கு நாரை; இந்த மாவட்டத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் உள்நாட்டுப் பறவை" என்று ஒரு திருத்தம். திருவிழாவில் பார்த்த பறவைகளின் முழுப் பட்டியலை அமைப்பாளர்களிடம் வாங்கி, வலசை வந்தவை, இங்கேயே வாழ்பவை என்று இரண்டாகப் பிரித்து, எண்ணிக்கையுடன் ஒரு பத்தி. இரண்டையும் அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டாரப் பறவை ஆர்வலர்கள் சார்பில்,
ஒரு வாசகர்