பாகம் தேடிய ஓராண்டு: பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொல்வது என் கடமை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டம் டிசம்பரைத் தவிர எல்லா மாதமும் நடந்தது. பொங்கல் சமயத்தில் கடற்கரைச் சாலைப் பக்கம் காலையில் வண்டிகளை நிறுத்தியதும், சுற்றுலா வந்தவர்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்ததும் உங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அதை நான் விவரிக்கத் தேவையில்லை. நேராக உதிரி பாகத்துக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க எனக்கு வந்த போன்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

நம்மிடம் அதிகம் இருப்பவை அம்பாசடரும் பத்மினியும். இந்த இரண்டுக்கும் பாகம் கிடைப்பது கஷ்டமே இல்லை என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. அது பழைய கதை. இவற்றின் பாகங்கள் கடையில் கிடைத்ததற்குக் காரணம் நம்மைப் போன்ற ஆசைக்காரர்கள் அல்ல, டாக்சிக்காரர்கள். கல்கத்தாவில் அம்பாசடரும் பம்பாயில் பத்மினியும் ஆயிரக்கணக்கில் வாடகைக்கு ஓடியபோது கிளச் பிளேட், கிங் பின், வாட்டர் பம்ப் செய்யும் சின்னக் கம்பெனிகளுக்குத் தினமும் வேலை இருந்தது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது. டாக்சி போனதும் அந்தக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. இப்போது கடையில் இருப்பது மிச்சச் சரக்கு. அம்பாசடர் என்ற பெயரையே 2017-ல் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரில் பிறந்த யாருக்கும் இதைக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். ஆனால் பெயரை வாங்கியவர்கள் பாகம் செய்து தரப் போவதில்லை.

மிச்சச் சரக்கு எங்கே இருக்கிறது? சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிச் சலித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் வண்டிகளின் பாதி உறுப்புகள் சென்னையில்தான் செய்யப்பட்டன. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்தது. பிரேக் பாகங்களும் அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா செய்தது. பிஸ்டன் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அங்கிருந்து சரக்கு விழுப்புரம், பண்ருட்டி, விருத்தாசலம் என்று ஒவ்வொரு ஊர்க் கடைக்கும் போனது. அப்பா காலத்துக் கடையை மகன் நடத்தும் இடங்களில், மேல் தட்டில் மஞ்சள் பூத்த அட்டைப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. மகனுக்கு அது எந்த வண்டிக்கு என்று தெரியாது. தேடிப் போகும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆண்டு கிடைத்த நல்ல பாகங்களில் பல இப்படிக் கிடைத்தவையே.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. வண்டி வண்டலூர் பக்கம் செய்யப்பட்டது என்றாலும் டாக்சியாக ஓடவில்லை, அதனால் உள்ளூரில் பாகச் சந்தை வளரவே இல்லை. ஆனால் அதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் எஞ்சின், சஸ்பென்ஷன் பாகங்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சரி, வாங்கிவிடலாம் என்றால், நாலு கதவு ஹெரால்டு அங்கே செய்யப்பட்டதே இல்லை, இங்கே மட்டும்தான். பின் கதவின் கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங், பூட்டு எதுவும் அங்கே கேட்டுப் பயனில்லை. இறக்குமதி செய்த, முன் சஸ்பென்ஷன் பாகமான டிரன்னியன் பெட்டி ஒன்று பல வாரம் எங்கோ மாட்டிக்கொண்டு, பாகத்தின் விலைக்குக் கிட்டத்தட்ட வரியும் கூலியுமாகக் கட்டி வெளியே வந்தது. இனிமேல் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

டிரன்னியன் என்றதும் இதையும் பதிவு செய்துவிடுகிறேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டி நம் உறுப்பினர் ஒருவரின் ஹெரால்டில் முன்சக்கரம் உள்ளே மடங்கி உட்கார்ந்துவிட்டது. வேகம் குறைவு, யாருக்கும் அடியில்லை. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் செங்குத்தாக நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, மரை போட்ட ஒரு பித்தளைக் கட்டைக்குள் திரும்பும். அதுதான் டிரன்னியன். அதற்கு விட வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியைத் தூக்கியதும் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே இறுகும், உள்ளே தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், ஒரு நாள் தண்டு பட்டென்று ஒடியும். ஹெரால்டு, அதன் வழிவந்த ஸ்டாண்டர்டு கேசல் இரண்டு வண்டிக்காரர்களும் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்ய வையுங்கள். வலப்பக்க மரையும் இடப்பக்க மரையும் எதிரெதிர் என்பதால், ஒரு பக்கத்துப் பாகம் மறுபக்கத்துக்கு உதவாது.

பிரெஞ்சு வண்டிக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். 1954-க்கு முன் கப்பலில் நேராக இங்கே வந்திறங்கிய வண்டிகளுக்கு அவை பிறந்த நாட்டில் பாகம் தாராளமாகக் கிடைக்கிறது. நம் ஊர்ச் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பங்களில் யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து வருகிறார், அவர் பெட்டியில் ஒரு கேஸ்கெட் செட் வந்துவிடுகிறது. சித்ரோன் டிராக்‌ஷன், பெஜோ 203 இரண்டிலும் சிலிண்டர் லைனர் தனியாகக் கழன்று வரும். லைனரும் பிஸ்டனும் சேர்த்து வாங்கி மாட்டினால் எஞ்சின் புதிது. அம்பாசடரில் பிளாக்கையே போரிங் பண்ண வேண்டும், அதாவது சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைய வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் எல்லை தாண்டினால் லைனர் அடித்துத் திரும்பவும் ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த ஆண்டு நாம் செய்ததில் உருப்படியானது மாதிரிப் பீரோ. முதலியார்பேட்டை உறுப்பினர் தன் மாடி அறையைக் கொடுத்திருக்கிறார். தேய்ந்து கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் அங்கே கொண்டுவரச் சொன்னோம். முதலில் கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லேத் பட்டறையில் போய் நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘மாதிரி இருக்கா?’ என்பதுதான். மாதிரி இல்லாமல் புது பாகம் செய்ய முடியாது. நெய்வேலிச் சுரங்கப் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அய்யா, பீரோவில் உள்ளவற்றை அளந்து நோட்டில் எழுதித் தருகிறார். தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்ந்த அளவுதானே வரும்? அதனால் உரசாத ஓரத்தைத் தேடிப் பிடித்து அளக்கிறார். மரைக்கு கேஜ் வைத்துப் பார்க்கிறார். பழைய இங்கிலீஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, யு.என்.எஃப்., மெட்ரிக் இரண்டும் 60 டிகிரி. ஒன்றின் போல்ட்டை மற்றதன் ஓட்டையில் கையால் திருகினால் இரண்டு சுற்று ஏறும். அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை வழுக்கிவிடும். இப்படி வீணான போல்ட் ஓட்டைகள் நம் வண்டிகளில் எத்தனையோ.

வாட்டர் பம்ப் பாடிக்கு வார்ப்பு முயற்சியும் நடந்தது. உறுப்பினரின் மகன் பழைய பாடியை ஸ்கேன் செய்து முப்பரிமாணப் பிரிண்டரில் பேட்டர்ன் எடுத்துக் கொடுத்தான். உருகிய அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்கு மேல் சுருங்கும், அதைக் கணக்கில் சேர்த்துப் பேட்டர்னைப் பெரிதாக்க வேண்டும் என்று ஃபவுண்டரிக்காரர் சொன்ன பிறகுதான் ஓட்டைகள் சரியான இடத்தில் விழுந்தன. பாடி இப்போது ஒரு வண்டியில் ஒழுகாமல் ஓடுகிறது. பிரேக் பாகத்துக்கும் ஸ்டியரிங் பாகத்துக்கும் இந்த வழி வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. வீல் சிலிண்டருக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுப் புது ரப்பர் பக்கெட் மாட்டுவதே நல்லது.

கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) ஒரு கொட்டகையில் கிடந்த கேசல் பற்றி நடந்த வாக்குவாதம் உங்களுக்குத் தெரியும். வீட்டார் இரும்பு விலைக்குக் கொடுக்க இருந்தார்கள். எடுத்து ஓட வைக்கலாம் என்று ஒரு கட்சி, உடைத்துப் பாகம் எடுக்கலாம் என்று ஒரு கட்சி. கடல் உப்புக் காற்றில் சேஸிஸ் கையால் பிட்டால் உதிரும் நிலையில் இருந்தது. நான் உடைக்கச் சொன்ன கட்சி. சில மூத்த உறுப்பினர்களுக்கு என் மேல் இன்னும் வருத்தம் உண்டு. அந்த வண்டியின் கியர் பாக்ஸ் இன்று வேறொரு வண்டியில் ஓடுகிறது. என் கருத்து மாறவில்லை. ஆனால் நல்ல வண்டியை லாபத்துக்காக உடைப்பதும், கிடைத்த பாகத்தை மொத்தமாக வாங்கிப் பதுக்கி மூன்று மடங்குக்கு விற்பதும் வேறு விஷயம். அப்படிச் செய்பவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் தலைக்கு மேலேயே வந்து நகராமல் நின்று கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. உறுப்பினர்கள் பலரின் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சாவியைத் திருப்பாமல் காத்திருந்தவர்கள் எஞ்சினைக் காப்பாற்றினார்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் ஓட்டை வழியே பீய்ச்சி வெளியேறும். பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரில் சுற்றியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். எஞ்சின் ஆயிலை மாற்றியவர்கள் பின் ஆக்ஸில் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். அது பால் காப்பி நிறத்தில் வரும். இன்னும் மாற்றாதவர்கள் இந்த வாரமே பாருங்கள். வீல் பேரிங் கிரீஸும் அப்படியே.

பெட்ரோல் விஷயம். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்த இ20. நம் வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் குழாய் ஊறி வெடிக்கிறது. சும்மா நிற்கும் வண்டியில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் தண்ணீராகச் சேர்க்கிறது. பெட்ரோல் குழாயை மாற்றும்போது மேலே ‘ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் நீடிலின் ரப்பர் முனை எத்தனால் தாங்கும் விட்டான் வகையாக இருக்கட்டும். கலவை கொஞ்சம் வறண்டு (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) ஓடும் என்பதால் அம்பாசடரின் எஸ்.யு. கார்புரேட்டரில் அடி நட்டைச் சற்றுக் கீழே இறக்கினால் சரியாகும். பத்மினியின் சோலெக்ஸில் ஜெட்டையே மாற்ற வேண்டும். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றதிலிருந்து இன்னொரு தொல்லையும் உண்டு, வால்வு சீட்டைக் காத்த ஈயம் இப்போது இல்லை. டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போனால் வால்வு சீட் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். எப்படியும் ஹெட் கழற்றும் வேலை வரும்போது கடின சீட் போட்டுவிடுங்கள்.

பதிவு பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஏற்கனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரலாம். ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருவந்திபுரம் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், வழக்கம்போல ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றிய வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. பாகம் கிடைக்கவில்லை என்று வேறு எஞ்சின் இறக்க நினைப்பவர்கள் அதற்கு முன் இதை யோசிக்கவும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பத்மினியின் 5.20-14 அளவில் ‘புதுசு’ என்று சொல்லி வந்தது பல ஆண்டு கிடங்கில் தூங்கியது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலை கையில் இருக்கிறது. பத்மினியின் முன் கண்ணாடி பீடிங்குக்கு டை செய்ய அம்பத்தூரில் ஒரு ரப்பர் பட்டறை ஒப்புக்கொண்டிருக்கிறது. குறைந்தபட்ச நீளத்துக்கு ஆர்டர் இருந்தால்தான் செய்வார்கள். வேண்டுபவர்கள் இன்று சாப்பாட்டுக்கு முன் பொருளாளரிடம் பெயரும் முன்பணமும் கொடுத்துவிடவும், வாய்ச்சொல் கணக்கில் வராது. அடுத்தது நாலு கதவு ஹெரால்டின் பின் கதவு பீடிங். அதற்கு மாதிரியே இன்னும் கிடைக்கவில்லை. கிழிந்ததோ, காய்ந்து நொறுங்கியதோ, ஒரு சாண் நீளத் துண்டு யாரிடம் இருந்தாலும் முதலியார்பேட்டைக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்