நகைச்சுவைக்கு மட்டும் பூட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊரடங்கை எதிர்த்த கலைஞர்கள் அனைவரையும் கொரோனாவையே மறுத்தவர்கள் என்ற பட்டியலில் சேர்ப்பது முறையன்று. 2020ஆம் ஆண்டு பணி நிமித்தம் நியூயார்க்கில் இருந்த நான், மேடைப் பேச்சையே பிழைப்பாகக் கொண்ட நகைச்சுவைக் கலைஞர் ஒருவரை அங்குள்ள சென்ட்ரல் பூங்காவில் கண்டேன். மார்ச் மாதம் அரங்குகள் மூடப்பட்டதை அவர் குறைகூறவில்லை. ஆகஸ்டில் பந்தை உருட்டி விளையாடும் பௌலிங் கூடங்களும் அருங்காட்சியகங்களும், செப்டம்பரில் சூதாட்ட விடுதிகளும் திறக்கப்பட்டு, அம்மாத இறுதியில் உணவகங்களுக்குள் கால் பங்கு இருக்கைகளில் அமர்ந்து உண்ணவும் அனுமதி கிடைத்த பின்னரும், அதே மேசைகளுக்கு முன் ஒருவர் நின்று நகைச்சுவை பேசக் கூடாது என்ற தடையையே அவர் எதிர்த்தார். உணவின்போது ஒலிக்கும் இசைக்கு மது விற்கும் உணவகங்களுக்கு உரிமம் வழங்கும் மாநில மதுபான ஆணையத்தின் விதிகளில் இடமிருந்தது. நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இல்லை. கிருமிக்கு இசை ஞானம் உண்டு போலும்!

பேட்டரியில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கியைப் புல்தரையில் வைத்துப் பேசிய அவர், முகக்கவசத்துக்குள் யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாததால், சிரிப்பு வந்தால் கையை உயர்த்துமாறு கேட்டுக்கொண்டார். நாங்களும் பள்ளிப் பிள்ளைகளைப் போல உயர்த்தினோம்.

மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள், உள்ளரங்கில் அதிகபட்சம் 100 பேர் என்ற வரம்புடன் அரங்குகள் திறக்கப்பட்டது 2021 ஏப்ரல் 2 அன்றுதான். தடுப்பூசி வந்த பிறகே அது சாத்தியமாயிற்று என்று வாதிடலாம். ஆனால் அதற்கு முன்பே சூதாட்ட இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

– வாசகர், திருச்சி