படம் நல்ல படம்தான், வசனம்தான் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் திரை விமர்சனங்களை ஒன்று விடாமல் படிப்பவன் நான். படம் பார்ப்பதில் அவ்வளவு தீவிரம் கிடையாது. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தியேட்டருக்குப் போவேன். இல்லாவிட்டால் இணையத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். முதல் நாள் முதல் காட்சிக்கு முண்டியடிக்கிற வயதெல்லாம் தாண்டியாயிற்று. ஆனாலும் சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி எனக்கும் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவை விமர்சகர்கள் சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அதற்கு என் காதுதான் காரணம்.

அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிப் பிழைத்தவன் நான். அந்த இரைச்சலில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு வருவதுதான் எனக்கும் வந்தது. செவித்திறன் சோதனை எடுத்தால் கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சு ஒலிப் பக்கம் வந்ததும் தொப்பென்று கீழே விழும். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். காது மந்தம் என்றால் எல்லாமே சன்னமாகக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கதாநாயகன் நடந்து வரும்போது நெஞ்சில் வந்து இடிக்கிறதே ஒரு முழக்கம், அது எனக்கு மற்றவர்களைப் போலவே கேட்கும். ச, த, ப, க இவைதான் கரைந்துபோகும். உயிர் கேட்கும், மெய் கேட்காது. பட்டம், சட்டம், கட்டம் மூன்றும் எனக்கு ஒன்றுதான். பேசுகிறவர் வாயைப் பார்த்து, முன்னே என்ன சொன்னார், பின்னே என்ன சொல்லப்போகிறார் என்று ஊகித்துத்தான் வாக்கியத்தைச் சேர்ப்பேன். போதாக்குறைக்கு, சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் எங்களுக்குச் சட்டென்று காது வலிக்கும். மெதுவாகப் பேசினால் புரியாது, கத்தினால் தாங்காது. இடையில் இருக்கிற கொஞ்ச இடத்தில்தான் நாங்கள் படம் பார்க்கிறோம்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

2024 ஜூனில் வந்த மகாராஜாவில் விஜய் சேதுபதி காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, காணாமல்போன லட்சுமி என்கிற குப்பைத்தொட்டியைப் பற்றி ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் அதே கதையை அதே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்வார். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு நன்றியும் வந்தது. முதல் தடவை பாதிதான் பிடிபட்டது, அடுத்த தடவை முக்கால்வாசி, அப்புறம் முழுசாகக் கிடைத்துவிட்டது. இயக்குநர் நித்திலன் சாமிநாதன் என் மாதிரி ஆட்களை மனதில் வைத்து எழுதினாரோ என்றுகூட நினைத்தேன். இரண்டாம் பாதியில் அந்த நினைப்பு போய்விட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கலைத்துப் போட்டு விளையாடுகிற கதை அது. முடிச்சு அவிழ்கிற இடத்தில் ஒரு வரி தவறினாலும் போச்சு. எனக்கு நாலைந்து வரி தவறியது. வெளியே வந்து மகளிடம் கேட்டுத்தான் யார் யாருக்கு என்ன உறவு என்று தெளிந்தேன். அதே படம் அந்த ஆண்டு நவம்பரில் சீனாவில் வெளியானது. அங்கே சீன எழுத்தில் வசனத்தைப் படித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப் படம் பார்த்த எனக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது.

மெய்யழகன் எனக்கு ரொம்பப் பிடித்த படம். நீளம், பேச்சு அதிகம் என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். வெளியாகிச் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டியும் விட்டார்கள். எனக்கு நேர்மாறு. இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க, முகம் நன்றாகத் தெரிய, அவசரமில்லாமல் ஓடுகிற படம் கிடைப்பது எங்களுக்கு அபூர்வம். பேச்சு நடக்கும் இடங்களில் கோவிந்த் வசந்தாவின் இசை பெரும்பாலும் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. கார்த்தி சொன்ன எல்லாமும் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ராத்திரிக் காட்சிகளில் வாய் அசைவு இருட்டில் மறைந்துவிடுகிறது, அங்கேயெல்லாம் தடுமாறினேன்.

ஆனால் அந்தப் படத்தில் ஒன்றை என்னைப் போன்றவர்கள்தான் முழுசாக ரசித்திருப்போம். அரவிந்த்சாமி கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். தலையாட்டுகிறார், சிரிக்கிறார், "ஆமா ஆமா" என்கிறார், பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பிக்கிறார். பேச்சில் எங்கேயாவது ஒரு துப்பு கிடைக்காதா என்று அவர் கண் அலைகிறது. அடடா, இது நான் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் செய்கிற நடிப்பாயிற்றே! எதிரே நிற்பவர் சோகச் செய்தி சொல்கிறாரா, பேரன் பிறந்த செய்தி சொல்கிறாரா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அரவிந்த்சாமி அந்த முகத்தை எங்கே கண்டுபிடித்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. விமர்சனங்களில் கார்த்தியை எல்லாரும் கொண்டாடினார்கள். என் ஓட்டு அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

கொட்டுக்காளியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது, பெர்லின் திரைப்பட விழாவுக்கெல்லாம் போய்வந்தது. ஒரு குடும்பம் ஒரு பெண்ணை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிற கதை. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ ஓடுகிற சத்தம், காற்று, சேவல், மனிதர்கள், அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்ச நேரத்திலேயே நெளிய ஆரம்பித்துவிட்டார். எனக்கோ, இசை இல்லாததால் இத்தனை நாள் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது. அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. சூரிக்குத் தொண்டை கட்டிய குரல். அது எல்லாருக்குமே கஷ்டப்பட்டுத்தான் கேட்கும். அரங்கில் இருந்தவர்களும் நானும் ஒரே நிலைமையில் உட்கார்ந்திருந்த படம் அது ஒன்றுதான். நடுவழியில் ஒரு காளை வந்து மறித்துக்கொண்டு நிற்கும். ஆட்டோவில் அவ்வளவு வீறாப்பாக வந்த ஆண்கள் கிட்டே போகப் பயப்படுவார்கள். ஒரு சின்னப் பெண் சாதாரணமாக வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். அந்த இடத்தில் ஒரு வயலினை இழுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். படத்தை முடிவு சொல்லாமல் முடித்தது பற்றி எனக்குக் கோபம் உண்டு. இவ்வளவு தூரம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு இப்படி இறக்கிவிடலாமா? 1987-ல் கமல் நடித்த பேசும் படம் ஒரு வசனமும் இல்லாமல் ஓடி, ஒழுங்காக முடியவும் செய்ததே.

லப்பர் பந்து கலகலப்பான படம், அதுதான் எனக்குச் சிக்கல். ஒரு நகைச்சுவைக்கு அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று வரி ஓடிவிடுகிறது. அட்டகத்தி தினேஷும் ஹரிஷ் கல்யாணும் முறைத்துக்கொள்வதற்கு வசனம் தேவையில்லை என்பதால் பிழைத்தேன். விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் பாட்டு வந்தபோது மட்டும் ஒரு சொல்கூடத் தவறவில்லை. பழைய பாட்டுக்குக் காது வேண்டியதில்லை, உள்ளேயே ஓடிவிடும்.

டூரிஸ்ட் ஃபேமிலியில் வேறு மாதிரி சோதனை. இலங்கையிலிருந்து ரகசியமாக வந்து குடியேறிய குடும்பமாக சசிகுமாரும் சிம்ரனும் ஈழத்துத் தமிழ் பேசுகிறார்கள். கேட்க இனிமையான தமிழ் என்று என் மனைவி சொன்னாள். ஆனால் நான் ஊகித்துக் கேட்கிறவன். பழகிய பேச்சு என்றால்தான் அடுத்த சொல்லை முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பேன். இழுவை மாறினால் ஊகம் பொய்த்துவிடும். பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அந்தக் குடும்பம் பயந்து பயந்து வாய் திறக்கிற கதை என்பதால் ஒவ்வொரு சொல்லும் முக்கியம் வேறு. கீழே தமிழிலேயே எழுத்து ஓடியிருந்தால் எனக்கு மட்டுமா உதவியிருக்கும்? அந்தத் தமிழுக்குப் பழக்கமில்லாத எல்லாருக்கும் உதவியிருக்குமே.

அமரனில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாய் பல்லவியின் முகத்துக்கு அது தேவைப்படவில்லை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் கங்குவா வெளியானபோது இரைச்சல் தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் புகார் சொன்னது நினைவிருக்கும். காது நன்றாக இருப்பவர்கள் சொன்ன புகார் அது. ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டியும் வருத்தப்பட்டுப் பொதுவெளியில் எழுதினார். அந்த 'இரண்டு புள்ளி' என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு விசாரித்தேன். தியேட்டரில் இருக்கும் ஒலிக் கருவியில் 7 என்ற எண்தான் நிர்ணய அளவு. அதில் வைத்தால் ஒவ்வொரு பிரதான ஒலிபெருக்கியும் 85 டெசிபல் காட்டுகிற மாதிரி சரிபார்த்திருப்பார்கள். வசனம், இசை, மற்றச் சத்தங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கலவை செய்கிற கூடமும் அதே கணக்குதான். ஆகப் படம் ஒழுங்காகக் கலக்கப்பட்டிருந்தால் 7-ல் வைத்து ஓட்டலாம். நடப்பது வேறு. படம் இரைகிறது என்று தியேட்டர்காரர் 5-க்கு இறக்குகிறார். இறக்கினால் இசை மட்டுமா இறங்கும், வசனமும் சேர்ந்து இறங்கும். எப்படியும் குறைக்கத்தான் போகிறார்கள் என்று அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்குகிறார்கள். இந்த ஏலத்தில் தோற்பது, திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஒலிபெருக்கியிலிருந்து வரும் மனிதக் குரல்.

ஒருமுறை இடைவேளையில் நானே போய் ஊழியரிடம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். "குறைச்சா மத்தவங்க கத்துவாங்க சார்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் பிரச்சினை சத்தத்தைக் குறைத்தாலும் தீராது, கூட்டினாலும் தீராது. எழுத்து வேண்டும்.

வெளிமாநிலத்தில் தமிழ்ப் படம் ஓடினால் கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது. வீட்டில் இணையத்தில் போட்டாலும் ஆங்கிலம்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. எனக்கு ஆங்கிலம் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். நான் ஒரு வரி முடிப்பதற்குள் கதாநாயகி அழுது முடித்துவிடுகிறாள். தமிழில் பேசுகிற படத்துக்குத் தமிழில் எழுத்துப் போடுவதில் என்ன கஷ்டம்? வசனத்தாள் ஏற்கனவே எழுதித்தானே இருக்கிறது!

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில் பதான் என்ற இந்திப் படம் தொடர்பாக மாற்றுத்திறனாளிகள் சிலர் போட்ட வழக்கில், அந்தப் படத்தின் இணைய வெளியீட்டில் வசன எழுத்தும் பார்வையற்றோருக்கான ஒலி விவரணையும் சேர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச் 15-ல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குப் படங்களுக்கே இது குறித்த வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு ஆறு மாத அவகாசம், மற்றப் படங்களுக்கு இரண்டு ஆண்டு என்று அதில் இருக்கிறது. எழுத்தைத் திரையிலேயே காட்டலாம், கைபேசிச் செயலியிலோ தனிக் கண்ணாடியிலோ வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டவும் செய்யலாம். செயலி வழியும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டில் கைபேசியை நீட்டிப் பிடித்தால் பின்வரிசை ஆள் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் தெரியும். குனிந்து எழுத்தைப் படித்தால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும்.

எழுத்து ஓடினால் கவனம் சிதறும் என்பவர்களின் கட்சியும் எனக்குப் புரிகிறது. எல்லாக் காட்சிக்கும் போடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், கூட்டம் குறைவான ஒரு பகல் காட்சிக்குத் திரையிலேயே தமிழ் எழுத்துப் போட்டு ஓட்டட்டும். முன்கூட்டியே அறிவித்தால் வேண்டாதவர்கள் வேறு காட்சிக்குப் போய்க்கொள்வார்கள். நாங்கள் வருவோம், ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரையாவது இழுத்துக்கொண்டு வருவோம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. விமர்சனத்தின் கீழே படத்தின் நீளத்தையும் சான்றிதழையும் போடுகிறீர்கள். அதோடு இன்னும் ஒரு வரி சேர்க்க முடியுமா? வசனம் தெளிவாகக் கேட்கிறதா, தமிழ் எழுத்தோடு எங்காவது திரையிடுகிறார்களா, இவ்வளவு போதும். அடுத்த வாரமே ஆரம்பித்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி