யமுனாவின் 650 சொற்கள்

அன்புள்ள கல்யாணி,

முழங்கால் வலி குறைந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விண்ணப்பத்தோடு யமுனா அனுப்பவேண்டிய கட்டுரையைத் திருத்தித் தர ஆலோசகர் லட்சக்கணக்கில் கேட்கிறார், கொடுக்கலாமா என்கிறாய். வேண்டாம்.

நம்ம ஊர் கவுன்சலிங்கில் 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பதோடு பேச்சு முடிந்தது. அமெரிக்காவிலும் முதலில் பார்ப்பது பள்ளி மதிப்பெண்ணையும் எடுத்த பாடங்களின் கடினத்தையும்தான். அதில் ஓட்டை இருந்தால் எந்தக் கட்டுரையும் அடைக்காது. ஆனால் ஹார்வர்டு, யேலில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் மார்க்கில் புலிகள். கட்டுரைக்கு வேலை வருவது அங்கேதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இன்னும் கூடுதல்: எஸ்ஏடி என்ற பொதுத் தகுதித்தேர்வின் மதிப்பெண்ணையே பார்ப்பதில்லை, எட்டுக் கேள்விகளில் நாலுக்கு 350 சொல்லுக்குள் பதில் கேட்கிறார்கள்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரை 250 முதல் 650 சொல். பிள்ளைகள் மாதக்கணக்கில் இதையே இழைத்துவிட்டு, கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் குறுங்கட்டுரைகளைக் கடைசி இரண்டு நாளில் கிறுக்குகிறார்கள். கவிழ்வது அங்கே. 'ஏன் யேல்?' என்பதற்கு 125 சொல்தான். 'சிறந்த பேராசிரியர்கள், அழகான வளாகம்' என்றால் போச்சு. பெயரை அடித்து வேறு கல்லூரியின் பெயரைப் போட்டுப் படிக்கச் சொல். அப்போதும் பொருந்தினால் கிழித்துப் போடலாம். வெட்டி ஒட்டியதில் பழைய கல்லூரியின் பெயர் தங்கிவிடுகிற கூத்தும் உண்டு.

அவள் ஏரித் தண்ணீரைச் சோதிக்கிறாள் என்றாயே, அதுவே போதும். 'சின்ன வயதிலிருந்தே இயற்கைமேல் ஆர்வம்' என்று மட்டும் தொடங்க வேண்டாம். காலையில் ஒரு பிஎச் (அமில-கார அளவு), மத்தியானம் அதைவிடக் கூடுதல். மீட்டர் கெட்டுவிட்டதென்று அவள் நினைத்தது, பிறகு பாசி வெயிலில் கரியமில வாயுவை இழுப்பதுதான் காரணமென்று பிடித்தது. இந்தத் தடுமாற்றத்திலிருந்தே தொடங்கட்டும். வாங்கிய பரிசுகள் விண்ணப்பத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். திருப்பிச் சொன்னால் இடம் வீண்.

ஆலோசகர் மெருகேற்றினால் பதினேழு வயதுக் குரல் போய்விடும். டியூக் பல்கலைக்கழகம் 2024-ல் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதையே நிறுத்தியது. ஆலோசகர்களும் ஏஐ-யும் புகுந்தபின் அது மாணவரின் எழுத்துத்திறனைக் காட்டும் என்று நம்ப முடியவில்லை. படிப்பதை நிறுத்தவில்லை, ஆளை அறியப் படிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி பணம். பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டாலே வாய்ப்பு குறையும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி இடம் தரும்போது உதவி கேட்டதைப் பார்ப்பதில்லை. விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் பட்டியலை இதை வைத்துப் போடுங்கள்.

வரைவை அனுப்பச் சொல். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன், வாக்கியத்தில் கை வைக்கமாட்டேன்.

அன்புடன்,
வசந்தா