படகுக்காரர்களுக்கு ஒரு மடல்: மீன் ஏறிய முதல் மணித்தியாலம்

வாழைச்சேனை, கல்முனை, சாய்ந்தமருதுப் பலநாள் படகு உரிமையாளர்களுக்கும், ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும்,

நான் வாழைச்சேனைப் பிள்ளை. அப்பா இருபது வருடம் பலநாள் படகில் போனவர். நான் இலங்கையின் மேற்குக் கரையில் ஒரு மீன் ஏற்றுமதித் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தேன். நீங்கள் கெலவல்லா என்று ஏலம் போடுகிற மஞ்சள் சூரையைத் தோலுரித்து, முள்ளெடுத்து, கறுப்புச் சதையைச் சீவி, நாலு பாளமாக வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை.

ஒருநாள் விடியற்காலை நம்மூர் லொறி வந்தது. பெட்டிகளில் தமிழ் எழுத்தைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தோஷம். தரம் பார்ப்பவர் பென்சில் மொத்தத்தில் ஓர் இரும்புக் குழலைச் செட்டைக்குக் கீழே குத்தி இழுத்தார். குழலில் வரும் சதை சிவப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும். வந்ததோ அவித்த ஈரலின் நிறம். விரலால் நசுக்கினால் மாவாகிப் போனது. அடுத்த மீனும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். பாதிக்கு மேல் ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து பிடித்த மீன், உள்ளூர்ச் சந்தை விலைக்குப் போனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மீன் லொறியில் பழுதாகவில்லை, படகிலேயே பழுதாகிவிட்டது. சூரை தூண்டிலில் மாட்டி இழுபடும்போது அதன் உடம்பு சூடேறும், தொட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டோடு மேல்தட்டில் வெயிலில் கிடந்தால் சதை வெந்துவிடும். கிருமி பெருகி ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். உண்டானால் உண்டானதுதான், பிறகு ஐஸ் போட்டாலும், உறைய வைத்தாலும், சமைத்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு தொகுதிக்கு ஒன்பது மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். ஹிஸ்டமின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மாதிரி 200ஐத் தாண்டினாலும் முழுத் தொகுதியும் போச்சு.

அதனால்தான் கேட்கிறேன். மீன் ஏறியதும் இரத்தம் வடிய விடுங்கள். பூவையும் (செவுளையும்) குடலையும் எடுத்துவிடுங்கள். கடல் தண்ணீரில் ஐஸை நொறுக்கிக் கலந்து மீனை அதற்குள் முக்கி நன்றாகக் குளிர வைத்து, அப்புறம் ஐஸ் அறைக்குள் அடுக்குங்கள். வெறும் ஐஸ் கட்டிக்கு மேல் கிடத்துவதை விட இதில் சூடு வேகமாக இறங்கும்.

ஐஸ் விலையும் டீசல் விலையும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐஸ் கூடினால் மீனுக்கு இடம் குறையும் என்று அப்பாவும் சொல்வார். ஆனால் ஒதுக்கிய மீனும் அதே இடத்தைத்தான் பிடித்திருந்தது.

பதிவுப் புத்தகத்தையும் கரைக்கு வந்து குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். எங்கே, என்றைக்கு, என்ன பிடித்தீர்கள் என்ற அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஐரோப்பா கேட்கும் பிடிப்புச் சான்றிதழ் கிடைக்கும். 2015 ஜனவரியில் அவர்கள் இலங்கை மீனை நிறுத்தினார்களே, அது மீன் பழுது என்பதற்காக இல்லை. ஆழ்கடல் படகுகளுக்குச் சரியான கண்காணிப்பு இல்லை, இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் விதிகளை மதிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2016 நடுப்பகுதி வரை கதவு திறக்கவில்லை.

நம்முடைய மீனை நம்மூரிலேயே வெட்டிப் பாளமாக அனுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கத்தி பிடிக்கத் தெரிந்த பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நல்ல மீன் தொடர்ந்து இறங்கும் துறைமுகத்தை நம்பித்தான் ஒருவர் அதற்குக் காசு போடுவார்.

அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் சங்கங்களில் ஒரு கூட்டம் வையுங்கள், நான் வருகிறேன். அந்த மாதிரிக் குழல் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீங்கள் இறக்கும் மீனிலேயே குத்தி எடுத்து, நல்ல சதையையும் வெந்த சதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாழைச்சேனையிலிருந்து உங்கள் தங்கச்சி