எத்தனை பர்சன்ட் வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேடுகளில் எழுத்துத் திருட்டு பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆய்வேட்டின் வரிகள் ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒப்புமை மென்பொருள் வந்தபின் திருட்டு குறைந்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். குறைந்திருப்பது மென்பொருளில் சிக்குகிற திருட்டு மட்டும்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் இருக்கும் எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மூலத்தைச் சொல்லி எடுத்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகம் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதிமுறை சொல்வதை யாரும் படிப்பதில்லை. புறநானூற்றுப் பாடல்களை முழுதாகத் தந்து விளக்கும் இயலில் 30 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். மேற்கோள்களை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பாட்டுக்கு மேற்கோள் குறி போடாமல் விட்டிருந்தால், மென்பொருள் அதை மேற்கோள் என்று அறியாமல் ஒப்புமைக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

மறுபக்கம்தான் கவலைக்குரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே கிடையாது, வெறும் படம். இவற்றைப் பார்த்து, கணினி தமிழாகவே படிக்கும் யூனிகோடில் அடித்துக் கொடுத்தால் ஒப்பிட எதிரே ஒன்றும் இல்லை. அறிக்கை சுத்தமாக வரும். ஆங்கிலக் கட்டுரையைக் கூகுளில் தமிழாக்கி ஒட்டினாலும் பெரும்பாலும் அப்படியே. அறிக்கையில் பூஜ்யம் வந்தாலும் அது திருட்டுதான்.

சொல்லை மட்டும் மாற்றுகிற வேலையும் இதோடு சேர்ந்ததே. ‘முசிறித் துறைமுகம் வழியே மிளகு ஏற்றுமதியாகிப் பொன் இறக்குமதியானது’ என்று ஒரு நூல் சொல்கிறது என்று வையுங்கள். ‘முசிறிப் பட்டினத்தின் வாயிலாக மிளகு அயல்நாடு சென்று தங்கம் உள்நாடு வந்தது’ என்று எழுதினால் சதவீதம் இறங்கும். சரக்கு அதே சரக்கு. மூலத்துக்குப் போகிறவருக்கு வேறு வழி கிடைக்கும். அகநானூறு 149-இல் யவனர் கலம், அதாவது கப்பல், ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று இருக்கிறது; கறி என்றால் மிளகு. புறநானூறு 343-இல், கலம் தந்த பொன்னைக் கழியில் ஓடும் சிறு தோணி கரை சேர்க்கிறது. அப்படியானால் பெருங்கலம் கரைவரை வரவில்லையா? இந்தக் கேள்வி பிறந்துவிட்டால், அடுத்த பத்தியை யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை.

இணையத்தில் மூலத்தைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்ற அடியைத் தேடிப் பாருங்கள். சங்கப் பாடல், தொல்காப்பியம் என்றெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெயர் வரும். அது இருப்பது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில், கரந்தைப் படலம், குடிநிலைத் துறை. பாடுவது போர்மறவர் குடியின் பழமையை. முழு வெண்பாவையும் படித்தால் இது ஒரு நிமிடத்தில் தெரியும். நூறு தளங்களில் ஒரே தவறு இருந்தால் அது நூறு சான்று ஆகாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் ஒட்டியது. எந்த மேற்கோளுக்கும் நூல், படலம் அல்லது பாடல் எண், அடி ஆகியவை கிடைக்கும்வரை அதைக் குறிப்பேட்டில்கூட ஏற்றக் கூடாது.

இலக்கிய மூலத்துக்கும் உரைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நூல், இதழ்களுக்கு நூலகம் தளம், சொற்பொருளுக்குச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆகியவை நல்ல தொடக்கம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தன்னார்வலர்கள் உருவாக்கியவை. தேடுவதற்கு அவற்றைப் போல வசதி வேறில்லை. மூலத்தின் சொற்களையும் பக்க எண்ணையும் மட்டும் அச்சுப் பதிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். உ.வே.சா.வின் புறநானூறு முதலில் அச்சானது 1894-இல். கையில் இருப்பது பிந்தைய மறுபதிப்பு என்றால் அந்த மறுபதிப்பின் ஆண்டைத்தான் போட வேண்டும். 1894 என்று எழுதி மறுபதிப்பின் பக்க எண்ணைக் கொடுக்கிற வழக்கம் நிறைய இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளில் முதலில் பார்க்க வேண்டியது துணைநூற்பட்டியல். விக்கிப்பீடியாவும் அப்படித்தான்: அடிக்குறிப்பில் சொன்ன நூலைத் தேடி எடுங்கள், கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள். சாட்ஜிபிடி இல்லாத கட்டுரைக்கும் இதழ் பெயர், பக்க எண் எல்லாம் சேர்த்துத் தரும். கட்டுரையைத் திறந்து பார்க்காமல் பட்டியலில் ஏற்றினால் வாய்மொழித் தேர்வில் மானம் போகும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்பதற்காக ஓர் இதழை நம்பிவிடவும் கூடாது; அது இதழின் அடையாள எண்தான், தரச் சான்று அல்ல.

திருட்டுகளில் பாதி குறிப்பெடுக்கும்போதே நேர்கிறது என்பது என் கணிப்பு. நூலிலிருந்து எடுத்த வரியும் தன் கருத்தும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தால், ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. ஆகவே எடுத்தவுடன் மேற்கோள் குறி, பக்க எண். தன் கருத்து வேறு நிறத்தில். இணையப் பக்கமானால் முகவரியோடு பார்த்த தேதி. எழுதும்போது நூலை மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். ஒருவர் நூலில் கண்ட மேற்கோளை மூலத்தையே படித்ததுபோலக் காட்டுவதும் திருட்டுதான். மூலம் கிடைக்கவில்லையானால் ‘இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். சதவீதம் அச்சிட்ட சான்றிதழ் தாளை மட்டும் வாங்கி வைக்காமல், எந்த வரி எதனோடு ஒத்தது என்று காட்டும் முழு அறிக்கையையும் நெறியாளர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே ஆய்வேட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆய்வேடுகளை யூனிகோடில்தான் தர வேண்டும் என்றும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
திருச்சி.